ஏழாம் நம்பர் மிசினுக்கு வந்த தனியலை

சூரியனுக்கும் பூமிக்கும் இடையே நடக்கும் விவகாரங்களில் கொங்கு நாடு நேரடியாகப் பங்கெடுத்தது உலக வரலாற்றில் ஒரே ஒரு முறைதான். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டாம் வருஷம், போத்தனூர் ரயில் பாதைக்குத் தெற்கே ஒரு நூல் மில்லில் நடந்தது. மில்லின் பெயரைச் சொன்னால் நிர்வாகத்தின் அடக்கத்துக்குப் பங்கம் வரும் என்பதால் சொல்லவில்லை.

அந்தப் பங்கெடுப்பில் கொங்கு நாட்டின் பிரதிநிதியாக நின்றவர் வெள்ளியங்கிரி. பதவி: ஏழாம் நம்பர் நூற்பு மிசினை ஓட்டுபவர். சர்வீஸ்: பத்தொன்பது வருஷம். காலில் செருப்பு: இல்லை. மிசின் ஹாலுக்குள் தொழிலாளிகள் செருப்புப் போட்டால் பஞ்சு அழுக்காகிவிடும் என்று நிர்வாகம் தடுத்திருந்தது. மேனேஜர் செருப்பில் பஞ்சு அழுக்காவதில்லை. அது ரப்பர் செருப்பு.

அன்று காலை பத்து நாற்பதுக்குத் திருப்பூரிலிருந்து நூல் வாங்க வந்த பெரிய பார்ட்டி ஒருவருக்கு மேனேஜர் அப்புசாமி மிசின்களைக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ஏழாம் நம்பரில் ஓர் இழை அறுந்தது. வெள்ளியங்கிரி இடுப்பில் நூல் சுற்றும் பாபின் கூடையோடு போய், இழையை ஒட்டுவதற்காக மிசின்மேல் கை வைத்தார். சுளீரென்று ஷாக் அடித்தது. மேலே போனார். கீழே வந்தார். வந்த இடத்தில் மேனேஜரின் கால் இருந்தது. கூடை போன இடத்தில் பார்ட்டியின் தலை இருந்தது. பார்ட்டி கூடையைக் கழற்றாமலே வாசல் வரை நடந்து, கார் ஏறும்போதுதான் கழற்றினார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. கூடையும் வரவில்லை.

மத்தியானமே மெமோ தயார். மேனேஜர் அப்புசாமி மரியாதையில் யாருக்கும் குறை வைக்காதவர். எந்தக் கெடுதலையும் உட்காரவைத்துத்தான் செய்வார்.

"வாங்க வெள்ளியங்கிரி, உக்காருங்க. ஊட்ல அம்மணி சௌக்கியமுங்களா?"

"சௌக்கியமுங்க."

"இந்தாங்க, மெமோ. பொறுமையாப் படிச்சுப் பாருங்க, அவசரமில்லீங்க. ஒரு மாசத்துல விசாரணை. குத்தம் நிரூபணம் ஆச்சுன்னா வேலையை உட்டு நீக்கிப்போடுவமுங்க. மில்லு குடுத்த லைன் ஊட்டையும் காலி பண்ணோணுமுங்க. காப்பி சாப்புடறீங்களா?"

மெமோவில் இப்படி எழுதியிருந்தது: "தாங்கள் வேலை நேரத்தில், மேலதிகாரியின் முன் அனுமதி பெறாமல், தரைமட்டத்திலிருந்து சுமார் ஒன்றரை அடி உயரத்துக்கு எழும்பியதோடு நில்லாமல், இறங்கியும் உள்ளீர்கள். இவ்வாறு எழும்பி இறங்கியது வேண்டுமென்றே செய்யப்பட்டதல்ல என்பதற்கு ஆதாரம் இருப்பின் சமர்ப்பிக்கவும்."

வெள்ளியங்கிரி அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு காப்பியைக் குடித்தார். காப்பி நன்றாகவே இருந்தது.

ஷாக் அடித்தது அவருக்கு மட்டுமல்ல. நாலு மாதமாக அந்த ஹாலில் ஆளுக்கு ஒருநாள் முறை வைத்தாற்போல அடித்துக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் அடித்ததில்லை. நாலு மாதத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்றால், முதலாளி வாஸ்து பார்த்தார். அந்த வருஷம் கோயமுத்தூரில் வாஸ்து பார்க்காத முதலாளி, முதலாளி என்றே கணக்கில் சேர்க்கப்படவில்லை. வந்த நிபுணர் மில்லை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, தென்மேற்கில் போய் நின்று தலையில் கை வைத்துக்கொண்டார். கன்னிமூலையில் ஒரு குழி! எட்டடி ஆழம்! அதில் வாரம் ஒரு குடம் தண்ணீர் வேறு ஊற்றுகிறார்கள்!

அது எர்த் குழி. ஹாலில் உள்ள அத்தனை மிசின்களிலிருந்தும் ஒரு செம்புப் பட்டை அந்தக் குழிக்குள் இறங்கும். உள்ளே உப்பும் கரியும் போட்டு ஒரு செம்புத் தகடு புதைத்திருக்கும். மிசினில் தேங்கும் கரண்ட் ஆளின்மேல் பாயாமல் மண்ணுக்குள் போய்விடும். இதெல்லாம் வெறும் மின்சார சாஸ்திரம். வாஸ்து சாஸ்திரமோ கன்னிமூலையில் பள்ளம் இருந்தால் குடும்பத் தலைவனுக்கு ஆகாது என்கிறது. மில்லுக்குக் குடும்பத் தலைவன் முதலாளிதான். ஆகவே செம்புப் பட்டை அறுக்கப்பட்டது. தகடு தோண்டி எடுக்கப்பட்டது. குழி மூடப்பட்டது. மேலே கான்கிரீட் போட்டு, அதன்மேல் ஒரு பிள்ளையார் கோயில் எழும்பியது. அந்தத் தகட்டை வீணாக்காமல் அடித்துக் கலசமாக்கி உச்சியில் வைத்தார்கள். எதையும் வீணாக்காத மில் அது.

மில்லின் வயர்மேன் திருமலைசாமி இதை அன்றைக்கே சொன்னார்.

"ஏனுங்க, எர்த்தை எடுத்துப்போட்டா மிசின்ல நிக்கற கரண்ட் எங்கீங்க போகும்?"

"பிள்ளையார் பாத்துக்குவாருங்க" என்றார் அப்புசாமி.

"அவரு மிசினைத் தொடறதில்லீங்களே."

இந்தப் பேச்சு "இறை நம்பிக்கையைப் புண்படுத்தும் தொனி" என்று திருமலைசாமியின் ஃபைலில் ஏறியது.

ஷாக் விவகாரம் முற்றிய பிறகு நிர்வாகம் ஓர் உயர்மட்டக் குழு அமைத்தது. குழு மூன்று முறை கூடியது. முதல் கூட்டத்தில் ஷாக் அடிக்கவில்லை என்று தீர்மானித்தார்கள். இரண்டாவது கூட்டத்தில், அடிக்கிறது, ஆனால் தொழிலாளிகள் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று தீர்மானித்தார்கள். மூன்றாவது கூட்டத்துக்குள் வெள்ளியங்கிரியின் கூடை திருப்பூர் பார்ட்டியின் தலையில் ஏறிவிட்டதால், விஷயத்தை விஞ்ஞானத்திடம் ஒப்படைத்தார்கள். விஞ்ஞானம் என்பது டாக்டர் சுந்தரராஜுலு. காலேஜில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். முதலாளிக்கு மச்சினர் முறை.

அவர் ஒரு தோல்பையோடும் ரப்பர் அடிப்பாகம் வைத்த பூட்ஸோடும் வந்தார். எந்த மிசினையும் தொடவில்லை. தொடாமலே கண்டுபிடிப்பதுதான் உயர்ந்த விஞ்ஞானம். ஹாலின் நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தொழிலாளிகளைக் கூப்பிட்டு விளக்கினார்.

"சூரியன்லேர்ந்து ஒரு காத்து அடிச்சுக்கிட்டே இருக்குது. மின்சாரம் ஏறுன காத்து. பிளாஸ்மான்னு பேரு. அது நேரா பூமியை நோக்கி வருது. பூமியைச் சுத்தி ஒரு காந்தக் கோட்டை. கோட்டையில மோதறதுக்கு முன்னாலயே அந்தக் காத்து திகைச்சு நின்னு, ஒதுங்கிப் போகுது. அப்படித் திகைக்கற இடத்துக்குத்தான் பௌ ஷாக்னு பேரு. இங்கேர்ந்து சுமார் தொண்ணூறாயிரம் கிலோமீட்டர். இப்ப நொய்யல்ல தண்ணி ஓடுதுன்னு வெச்சுக்குங்க..."

"அதை வெச்சுக்கறதே செரமமுங்க" என்றார் வெள்ளியங்கிரி.

"சும்மா வெச்சுக்கப்பா. நடுவுல ஒரு பாறை. பாறைக்கு முன்னால தண்ணி எழும்புமில்ல? அதாட்டத்தான். அந்த இடத்துல, சாட்டிலைட் அனுப்பிப் பாத்தா, ஒரு அதிசயம். ஒத்தை ஒத்தையா அலை வருது. கூட்டம் கிடையாது. முன்னால பின்னால துணை கிடையாது. மின்புலம் மேல ஒரு தரம் ஏறும், கீழ ஒரு தரம் எறங்கும், அவ்வளவுதான். கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சுபோயிரும். நிலைமின் தனியலைன்னு சொல்றது."

வெள்ளியங்கிரி யோசித்தார். "எனக்கும் அன்னைக்கு அப்படித்தானுங்க. மேல ஒருக்காப் போனேன். கீழ ஒருக்கா வந்தேன். தொணைக்கு ஆரும் வரலீங்க."

டாக்டர் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். தோல்பையிலிருந்து ஒரு வெளிநாட்டு ஆராய்ச்சிப் பத்திரிகையை எடுத்து, அதில் இருந்த கோட்டுப் படத்தையும் வெள்ளியங்கிரியையும் மாறி மாறிப் பார்த்தார். படத்தில் ஒரு கோடு நேராக வந்து, மேலே ஒரு குதி, கீழே ஒரு குதி, மறுபடியும் நேர்கோடு.

"அப்படியே இருக்குதே!" என்றார்.

வயர்மேன் திருமலைசாமிக்கு வாய் அடங்காது. "ஏனுங்க டாக்டரு, அந்த அலை பூமிக்கு வரும்னு புஸ்தகத்துல போட்டிருக்குதுங்களா?"

"வரும்னு போடலை. நம்ம ஏழாம் நம்பர் மிசினுக்கு வராதுன்னும் போடலை."

"காங்கேயம், அவிநாசி எல்லாத்தையும் உட்டுப்போட்டு, தொண்ணூறாயிரம் கிலோமீட்டர் தாண்டி, கரெக்டா போத்தனூர்ல எறங்குதுங்களா?"

"ஜங்ஷன் இல்லியா?" என்றார் மேனேஜர் அப்புசாமி. குழு அதை ஏற்றுக்கொண்டது.

அன்றே ஓர் ஏற்பாடு நடந்தது. வெள்ளியங்கிரி பன்னிரண்டு வேலை நாட்கள் ஏழாம் நம்பர் மிசினிலேயே நிற்க வேண்டும், வெறுங்காலோடு, ஒவ்வொரு மணிக்கும் ஒரு தரம் மிசினைத் தொட வேண்டும். அவருக்குப் பின்னால் உள்ள தூணில் சாக்பீஸால் அடிக்கணக்கு எழுதப்படும். எழும்பும் உயரத்தை டாக்டர் குறித்துக்கொள்வார். பதிலுக்கு, "இவர் எழும்பியது வேண்டுமென்று அல்ல, விண்வெளியின் தூண்டுதலால்" என்று டாக்டர் ஒரு சர்ட்டிபிகேட் தருவார். விசாரணைக்கு அதைவிடப் பெரிய ஆதாரம் வேறென்ன வேண்டும்?

வீட்டில் அவர் மனைவி பழனியாத்தாள் ராகி களி கிண்டிக்கொண்டே கேட்டுவிட்டு, துடுப்பை நிறுத்தினாள்.

"ஏனுங்க, ஷாக் அடிச்சுதுன்னு நிரூபிக்கறதுக்கு இன்னும் ஷாக் அடிச்சுக்கோணுமாக்கும்?"

"சர்ட்டிபிகேட் தராங்க அம்மணி."

"எம்பட தம்பிக்கும் சர்ட்டிபிகேட் குடுத்தாங்க. இன்னும் வேலை கெடைக்கலை."

"இது டாக்டரு குடுக்கறது. லைன் ஊடு தங்கோணுமா வேண்டாமா?"

பழனியாத்தாள் களியை உருண்டை பிடித்து வட்டிலில் வைத்தாள். பத்தொன்பது வருஷமாக வெள்ளையடித்த வீடு. பின்பக்கம் ஒரு முருங்கை, நாலு கோழி. "உசிரு பத்திரமுங்க" என்றாள். "நாளைக்கு எறங்கும்போது மேனேஜரு காலைப் பாத்து எறங்குங்க. மறுக்காவும் மிதிச்சுப்போடாதீங்க."

ஆராய்ச்சி தொடங்கியது. முதல் நாள் ஒரு எழும்பல்: ஒன்றேகால் அடி. இரண்டாம் நாள் இரண்டு. மூன்றாம் நாள் ஒன்று, ஆனால் இரண்டடியை எட்டிவிட்டது. டாக்டர் சுந்தரராஜுலு கண்ணீர் மல்க, "இன்னைக்கு சூரியன்ல பெரிய கொந்தளிப்பு" என்றார். மற்ற தொழிலாளிகள் டீ நேரத்தில் வந்து பார்த்துப் போனார்கள். முதலாளி வீட்டம்மா பெண்களை அழைத்துவந்து காட்டினார். அவர்கள் கைதட்டியபோது வெள்ளியங்கிரிக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. கொங்கு நாட்டில் இந்த அலையைப் பிடிக்கிற ஒரே கருவி அவர்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கருவிக்கு மத்தியானம் ஒரு டம்ளர் மோர் கூடுதலாக அனுமதிக்கப்பட்டது.

எட்டாம் நாள் எழும்பல் இல்லை. ஒன்பதாம் நாளும் இல்லை. மணிக்கு ஒருதரம் வெள்ளியங்கிரி தொட்டார்; மிசின் கன்றுக்குட்டிபோலச் சாதுவாக நின்றது. டாக்டருக்குச் சோறு இறங்கவில்லை.

"சூரியன் அமைதியாயிடுச்சோ?"

"எனக்கு ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்றார் வெள்ளியங்கிரி.

"உனக்கு நல்லா இருந்தாப் போதுமா? விஞ்ஞானத்துக்கு?"

ஒன்பதாம் நாள் சாயங்காலம் மேனேஜர் அப்புசாமி மிசினுக்கு அடியில் குனிந்து பார்த்தார். மிசின் காலில் ஒரு செம்புக் கம்பி சுற்றியிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டே போனார். அது சுவரோரமாகப் போய், ஜன்னல் வழியே இறங்கி, போர்வெல் பைப்பில் முடிந்தது. அங்கே வயர்மேன் திருமலைசாமி பீடி பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இது நீங்க கட்டுனதுங்களா?"

"ஆமாங்க. அரைமணி நேர வேலைதானுங்க. எல்லா மிசினுக்கும் கட்டிப்போட்டா ஒருத்தருக்கும் அடிக்காதுங்க."

அப்புசாமி அந்தக் கம்பியை ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். ஏதோ புரிந்தாற்போல இரண்டு தரம் தலையாட்டினார். பிறகு தன் கையாலேயே அவிழ்த்தார்.

"ஆராய்ச்சி நடக்கற எடத்துல இப்படிக் கம்பி கட்டலாமுங்களா? சூரியன் அங்கேர்ந்து அனுப்புனதை நீங்க போர்வெல்லுக்குள்ள உட்டிருக்கறீங்க. மொதலாளிக்கு நான் என்ன பதில் சொல்றதுங்க?"

"ஷாக் அடிக்கலீன்னு சொல்லுங்க."

"அப்பறம் பிள்ளையாருக்கு அடியில குழி இருந்துது, அதை நாமதான் மூடினோம்னும் சொல்லோணுமே. அது எப்படீங்க சொல்றது?"

திருமலைசாமி "அறிவியலுக்கு ஊறு விளைவித்த" காரணத்துக்காக குடோனுக்கு மாற்றப்பட்டார். பத்தாம் நாள் காலை முதல் தொடுதலிலேயே வெள்ளியங்கிரி இரண்டேகால் அடி எழும்பினார். டாக்டர் மத்தியானம் இரண்டு தரம் சாப்பிட்டார்.

பன்னிரண்டாம் நாள் முடிவில் மொத்தம் பதினொரு எழும்பல்கள். டாக்டர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். சர்ட்டிபிகேட் ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. தமிழில் இருந்தது: "மேற்படி வெள்ளியங்கிரிக்கு ஏற்பட்ட பதினொரு அதிர்ச்சிகளும், அதற்கு முந்தைய ஒன்றும், மில் வளாகத்துக்குள் தோன்றியவை அல்ல. அவை தொண்ணூறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், விண்வெளியில் நிகழ்ந்தவை என்று உறுதி செய்கிறேன்." வெள்ளியங்கிரி அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டினார். பழனியாத்தாள் அதற்குப் பொட்டு வைத்தாள். தப்பித்தோம் என்று இருவரும் அன்றைக்கு ஒரு கோழியை அடித்துக் குழம்பு வைத்தார்கள்.

விசாரணைக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அதுவரை அவரை மிசினில் விட முடியாது என்று வெளிவேலை கொடுத்தார்கள். அந்த வாரம்தான் மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. குளுகுளு அறை கட்டி, கண்ணாடிக் கதவு போட்டு, வாசலில் எலுமிச்சம்பழம் வைத்து அதை இறக்கினார்கள். உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும், மேனேஜர்கூட. ஆனால் அதைப் பொருத்த வந்த இன்ஜினியர் பெட்டியைத் திறக்க மறுத்துவிட்டார்.

"எர்த் எங்க?"

"எதுக்குங்க?" என்றார் அப்புசாமி.

"தனி எர்த் குழி இல்லாம நான் இதைத் தொட மாட்டேன் சார். ஷாக் அடிச்சா மெஷின் போயிடும்."

அப்புசாமியின் முகம் வெளுத்துவிட்டது. "ஏனுங்க வெள்ளியங்கிரி! உடனே ஓடி வாங்க!"

இந்தத் தடவை வாஸ்து நிபுணர் வடகிழக்கைக் காட்டினார். வெள்ளியங்கிரி எட்டடிக் குழி தோண்டினார். இரண்டு நாள் வேலை. ஒரு மூட்டை உப்பு, இரண்டு கூடை கரி, நடுவே புத்தம்புதிய செம்புத் தகடு. கரியைக் கொட்டிக்கொண்டே அவர் கேட்டார்:

"ஏனுங்க, அந்தத் தனியலை கம்ப்யூட்டருக்கும் வருமுங்களா?"

"வந்தா என்னாகறது? அதான் குழி."

"அப்ப ஏழாம் நம்பருக்கும் இதாட்ட ஒண்ணு..."

"இது அமெரிக்காவுலேர்ந்து வந்த பொருளுங்க, வெள்ளியங்கிரி" என்றார் அப்புசாமி, குழந்தைக்குச் சொல்வதுபோல. "கெட்டுப்போச்சுன்னா வேற கெடைக்காது. நல்லாத் தண்ணி ஊத்துங்க."

விசாரணை நாள். வெள்ளியங்கிரி வேட்டியைத் துவைத்துக் கட்டி, சட்டம் போட்ட சர்ட்டிபிகேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் இருந்த கண்ணாடி அறைக்குள் போனார். அப்புசாமி நாற்காலியை இழுத்துப் போட்டார். சர்ட்டிபிகேட்டை வாங்கி இரண்டு தரம் படித்தார்.

"இதை நிர்வாகம் முழு மனசோட ஏத்துக்குதுங்க. நீங்க வேணும்னு எழும்பலை. அந்தக் குத்தச்சாட்டு ரத்து."

வெள்ளியங்கிரிக்குக் கண் கலங்கிவிட்டது. "ரொம்ப நன்றிங்க."

"இருங்க, காப்பி வருது. இதுல ஒரு சின்னச் சிக்கலுங்க. சம்பவம் மில்லுக்குள்ள நடக்கலை, தொண்ணூறாயிரம் கிலோமீட்டருக்கு அக்கட்டால நடந்துதுன்னு டாக்டரே எழுதிக் குடுத்திருக்கறாரு. அப்ப சம்பவ நேரத்துல நீங்க அங்கதான இருந்திருக்கோணும்? மொத்தம் பன்னெண்டு தரம். மில் கேட் ரிஜிஸ்டரைப் பாத்தமுங்க. ஒருக்காக்கூட கேட்பாஸ் வாங்கலை. லீவு லெட்டரும் இல்லை. வேலை நேரத்துல அனுமதியில்லாம வெளிய போனா என்ன தண்டனைன்னு உங்களுக்கே தெரியும். பத்தொம்பது வருஷ சர்வீஸ் ஆச்சே."

வெள்ளியங்கிரி விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். "நான் அங்க போயிருந்தா, அந்தப் பன்னெண்டு தரமும் ஏழாம் நம்பரை ஓட்டுனது ஆருங்க?"

"அதைத்தான் நாங்களும் கேக்கறமுங்க! வெளியாள் ஆரையோ உள்ள உட்டிருக்கறீங்க. அது தனி விசாரணை."

கம்ப்யூட்டர் பக்கத்தில் இருந்த பிரிண்டர் கிறீச் கிறீச்சென்று கத்தி ஒரு தாளைத் தள்ளியது. மில்லின் முதல் கம்ப்யூட்டர் கடிதம். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. வேலை நீக்க உத்தரவு. லைன் வீட்டைப் பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டியது. அப்புசாமி எழுந்து நின்று, இரண்டு கையாலும் கொடுத்தார்.

"கோச்சுக்காதீங்க. ஊட்ல அம்மணியையும் கோச்சுக்க வேண்டாம்னு சொல்லீருங்க."

தாளை வாங்கப் போன வெள்ளியங்கிரியின் கை அந்த இரும்பு மேசைமேல் பட்டது. பழக்கத்தில் உடம்பு எழும்பத் தயாரானது. ஒன்றும் நடக்கவில்லை. கையை எடுத்து, மறுபடியும் வைத்தார். பிறகு கம்ப்யூட்டரின் பெட்டியைத் தொட்டார். பிரிண்டரைத் தொட்டார். எங்கேயும் ஒரு சின்னக் கடிகூட இல்லை.

"குழியை நல்லாத்தானுங்க தோண்டியிருக்கறேன்" என்றார்.

"அதுல சந்தேகமே இல்லீங்க" என்றார் அப்புசாமி. "முதல்தரமான வேலை."

ஆகவே, அந்த மில் நிர்வாகத்துக்கு விஞ்ஞானம் தெரியாது என்று இனி யாரும் சொல்லக் கூடாது. தொண்ணூறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் என்ன நடக்கிறது என்பது அதற்குத் தெரியும். எட்டடிக் குழியும், ஒரு மூட்டை உப்பும், இரண்டு கூடை கரியும் என்ன செய்யும் என்பதும் தெரியும். எல்லாம் தெரிந்துதான், குழியைக் கம்ப்யூட்டருக்கும் அலையை வெள்ளியங்கிரிக்கும் ஒதுக்கியது.